கால்சட்டை நழுவ ஓடிய சிப்பாய்

என்னைப் பேசக் கூப்பிட்டவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கு நயமாகப் பேச வராது. சூரமங்கலத்தில் ஓர் ஆஃப்செட் பிரஸ்ஸில் சின்ன வயதில் வேலைக்குச் சேர்ந்து, தலை நரைத்து, அதே பிரஸ்ஸிலிருந்து ஓய்வுபெற்று வந்தவள் நான். மெஷின் சத்தத்தில் கத்திப் பேசியே பழக்கம். காது வலித்தால் பின்வரிசைக்குப் போய்விடுங்கள்.

கலர் பிரிப்பது, பிளேட் போடுவது எல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். அச்சுத் தொழில் படிக்கிற உங்களுக்கே அதெல்லாம் தெரியும். என் வேலை வேறு. ஒரு படமோ பத்திரிகையோ மெஷினில் ஏறுவதற்கு முன்னால் கடைசியாகப் பார்ப்பவள் நான். பேரில் தப்பு, தேதியில் தப்பு, கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பா பேர் விடுபட்டுப்போனது, எல்லாம் என் கண்ணில் பட்டாக வேண்டும். நான் தலையாட்டினால் மெஷின் ஓடும். இல்லாவிட்டால் நிற்கும். முதலாளியே ஆனாலும் என்னிடம் தலையாட்டு வாங்கிக்கொண்டுதான் போவார்.

போன மாதம் உங்களில் ஒரு பிள்ளை என்னிடம் போனை நீட்டியது. எதிரி நாட்டுச் சிப்பாய் ஒருவன் ஆட்டுக்குட்டியாக மாறி, கழுத்தில் மணி கட்டிக்கொண்டு ஓடுகிற மாதிரி ஒரு படம். யாரும் வரையவில்லையாம். தட்டினால் அதுவே வரைந்து கொடுத்துவிடுகிறதாம். "அக்கா, செமையா இருக்குல்ல?" என்றது. செமையாகத்தான் இருந்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைத்ததும் பழைய படம் ஒன்று நினைவுக்கு வந்துவிட்டது. அதனால்தான் இன்றைக்கு இதைச் சொல்ல வந்தேன்.

எல்லையில் சண்டை மூண்டிருந்த சமயம். எந்தச் சண்டை என்று கேட்காதீர்கள், கேட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை. டீக்கடையில், பஸ்ஸில், ரேஷன் கடை வரிசையில், எங்கே பார்த்தாலும் அதே பேச்சு. எங்கள் பிரஸ்ஸில் ஓர் ஓவியர் இருந்தார். சினிமா பேனர் வரைந்த கை. பேனர் வேலை ஒழிந்ததும் எங்களிடம் வந்து சேர்ந்தவர். கேலிப்படம் போடுவதில் மன்னன். முதலாளியின் தொப்பையை வைத்தே அவர் ஒரு காலண்டர் போட்டிருக்கிறார். முதலாளி அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாரே தவிர, அது தன் தொப்பை என்று கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை.

அவர் ஒரு சிப்பாயை வரைந்தார். எதிரி நாட்டுச் சிப்பாய். துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு, பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு, கால்சட்டை முட்டிக்கு நழுவ, நாக்குத் தள்ள ஓடுகிறான். கழுத்தே கிடையாது. முட்டை போல ஒரு தலை, இரண்டு பிதுங்கிய கண். லாரிகளுக்குப் பின்னால் ஒட்டுகிற ஸ்டிக்கராக அதை அடித்தோம். அடேயப்பா! சேலத்திலும் நாமக்கல்லிலும் அந்த ஸ்டிக்கர் இல்லாத லாரியைப் பார்ப்பது அரிதாகிவிட்டது. இங்கிருந்து கிளம்பின வண்டிகள் அவனைத் தேசம் முழுக்க ஓட ஓட விரட்டிக்கொண்டு போயின.

ஒருநாள் லாரிக்காரர் ஒருவர் பிரஸ்ஸுக்கு நேரிலேயே வந்தார். திருச்செங்கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். சொந்த வண்டி, தானே ஓட்டுகிறவர். காக்கிச் சட்டைப் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து மேசையில் வைத்தார். இராணுவ உடுப்பில் ஒரு பையன். மீசை இப்போதுதான் அரும்பி முடித்த முகம்.

"எம்பையனுங்க அம்மிணி. அங்கதான் நிக்கறான். வண்டிக்குப் பின்னால அந்த ஓடறவன் படம் வேணுமுங்க. ஆனா அவனை வெரட்டறது எம்பையனா இருக்கோணும்."

நம் பக்கத்து லாரிகளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகளின் பேரை நெற்றியில் எழுதாமல் ஒரு வண்டியும் கிளம்பாது. இவர் கேட்டது ஒன்றும் அதிசயமில்லை. ஓவியர் போட்டோவை வாங்கிச் சன்னல் பக்கம் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். பிறகு வரைந்தார். பின்கதவின் முழு அகலத்துக்கு ஒரே ஸ்டிக்கர். வலப்பக்கம் பையன் நிமிர்ந்து நிற்கிறான். அச்சு அசலாக அவனேதான், இடது புருவத்தில் இருந்த சின்ன வெட்டுத் தழும்பு உட்பட. இடப்பக்கம் நம் முட்டைத் தலையன் கால்சட்டை நழுவ ஓடுகிறான்.

"ஏண்ணா, இவனை மட்டும் இவ்வளவு பார்த்துப் பார்த்து வரைஞ்சீங்க?" என்று ஓவியரைக் கேட்டேன்.

"நம்ம ஆளுக்குப் போட்டோ இருக்கும்மா. அவனுக்கு எதுக்கு? கேலிப்படம் போடறவன் எதிராளி மூஞ்சியைப் பார்க்கவே கூடாது. பார்த்தா கை வராது," என்றார்.

அதைத் தொழில் ரகசியமாக நினைத்துக்கொண்டேன். நல்ல தொழில்காரர் சொன்னால் அப்படித்தானே நினைப்போம். லாரிக்காரர் படத்தோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். எங்கள் எல்லோருக்கும் டீ வாங்கிக்கொடுத்துவிட்டு, வடக்கே லோடு ஏற்றிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள்தான். ஒரு காலையில் பிரஸ் திறந்ததும் திறக்காததுமாக ஒருவர் உள்ளே வந்தார். கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது. கையில் அதே பையனின் போட்டோ. பையன் போய்விட்டான் என்று அந்தப் போட்டோவைப் பார்த்ததுமே எங்களுக்குப் புரிந்துவிட்டது. வந்தவர் அவனுடைய தாய்மாமன். பையனின் அப்பா வண்டியோடு வந்துகொண்டிருக்கிறாராம். பையனின் உடல் மறுநாள் மதியம் ஊருக்கு வருகிறதாம். அதற்குள் ஊர் முழுக்க, சங்ககிரி ரோடு முழுக்கக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்ட வேண்டும்.

"மேல எங்கக்கா பையன் போட்டோ. கீழ அந்த ஓடற நாயி படம். பெருசாப் போடுங்க. அவனுங்களை வெரட்டி வெரட்டி அடிச்சுட்டுத்தான் செத்தான்னு ஊருக்குத் தெரியோணும்," என்றார் மாமன்.

ஓவியர் உட்கார்ந்து அப்படியே செய்து கொடுத்தார். மாதிரித் தாள் என் மேசைக்கு வந்தது. பேர் சரி. ஊர் சரி. எழுத்துப் பிழை ஒன்றுமில்லை. ஆனால் எனக்குத் தலை ஆடவில்லை. மேலே செத்துப்போன பிள்ளை, கீழே கால்சட்டை நழுவி ஓடுகிற கோமாளி. சாவு வீட்டுச் சுவரில் இதை ஒட்டினால் போகிறவன் வருகிறவன் முதலில் சிரிப்பானா, அழுவானா?

முதலாளியிடம் போனேன். "அஞ்சலி போஸ்டர்ல சிரிப்புப் படமுங்களா?" என்றேன்.

அவர் தாளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "அம்மிணி, அவங்க ஊட்டு எழவு. அவங்க கேக்கறாங்க. இருக்கற நெலமைல நாம வேண்டாம்னு சொன்னா என்ன பேரு வைப்பாங்க தெரியுமா? பிரஸ்ஸை ஒடைச்சுப்போட்டுப் போயிருவாங்க. ஓட்டச் சொல்லு."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்த நாட்களில் ஒரு வார்த்தை போதும், உங்களைத் தேசத் துரோகியாக்கிவிட. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? வெளியே பெஞ்சில் மாமன் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துக்கத்தில் இருக்கிற மனிதரிடம் போய், நீங்கள் கேட்பது தப்பு என்று சொல்ல நான் யார்?

இந்த இடத்தைக் கவனித்துக் கேளுங்கள், இதற்காகத்தான் இத்தனை தூரம் இழுத்தேன். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. சரி என்று சொல்ல மனசு இல்லை. அப்படி மாட்டிக்கொண்டால் என்ன செய்வீர்கள்? நான் பொய் சொன்னேன். மெஷின் ஓட்டுகிறவரைக் கூப்பிட்டு, "கறுப்பு சரியா விழலை, உருளையெல்லாம் கழுவிட்டு ஏத்துங்க," என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கறுப்பு நன்றாகத்தான் விழுந்தது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மறுபேச்சு இல்லாமல் துணியை எடுத்துக்கொண்டு கழுவப் போனார். தொழிலில் நிறுத்தத் தெரியாவிட்டாலும் தாமதிக்கவாவது தெரிந்திருக்க வேண்டும். எதற்காகத் தாமதித்தேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. ஏதாவது ஒன்று நடக்காதா என்றுதான்.

நடந்தது. வாசலில் ஒரு லாரி வந்து நின்றது.

கிருஷ்ணகிரி தாண்டும்போதுதான் லாரிக்காரருக்குச் செய்தி போயிருக்கிறது. ஊரிலிருந்து ஆள் அனுப்புகிறோம், வண்டியை ஓரம்கட்டுங்கள் என்று சொன்னார்களாம். கேட்கவில்லை. தானே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். மச்சினன் அங்கே இருப்பார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. மாமன் ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டு, "மாமா, போயிட்டானே மாமா," என்று கதறினார். லாரிக்காரர் அழவில்லை. அவரைத் தட்டிக்கொடுத்துவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"அம்மிணி, பின்னால இருக்கற படத்துல அந்த ஓடறவனை எடுத்துப்போடுங்க. அவனோட நான் ஊட்டுக்குப் போக முடியாதுங்க."

"என்ன மாமா பேசறீங்க?" என்றார் மாமன். "நான் போஸ்டரே அவனைப் போட்டு அடிக்கச் சொல்லியிருக்கறேன்."

லாரிக்காரர் பெஞ்சில் உட்கார்ந்தார். ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தேன், குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டார். "பையனுக்கு இந்தப் படத்தைப் போன்ல அனுப்பிச்சனுங்க," என்று ஆரம்பித்தார். "பாத்துட்டுச் சிரிச்சான். அப்பறம் மறுநாள் கூப்பிட்டான். 'அப்பா, என்னைய வெச்சுக்கங்க, அவனை எடுத்துப்போடுங்க. அவனுங்க ஓடறதில்லீங்கப்பா. நாங்க எப்படி நிக்கறமோ அப்படித்தான் நிக்கறானுங்க. ஓடறவனா இருந்தா நாங்க எதுக்கு இந்தக் குளுருல கெடக்கறோம்?'னு கேட்டான். லோடு எறக்கிட்டு வந்து எடுத்தர்றேன் சாமின்னு சொன்னனுங்க. அதுதான் கடைசியாப் பேசினது."

மாமன் விடவில்லை. அவருக்கும் வலி. "சின்னப்பையன், ஏதோ சொல்லியிருப்பான். அதுக்காக? நம்ம பையனைக் கொன்னவனுங்க மாமா! அவனுங்களைக் கேவலப்படுத்தாம வேற எப்படி மாமா நான் தாங்குவேன்?"

லாரிக்காரர் மச்சினனை நிமிர்ந்து பார்த்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"மாப்ள, ஓடறவன் கையிலயா எம்பையன் செத்தான்?"

மெஷின் கழுவிக்கொண்டிருந்தவர் துணியைக் கீழே வைத்துவிட்டார். முதலாளி தன் அறை வாசலில் வந்து நின்றார். மாமன் அப்படியே தரையில் குந்தி உட்கார்ந்து, துண்டை வாயில் திணித்துக்கொண்டு அழுதார். நான் மாதிரித் தாளை எடுத்து நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. இத்தனை வருசத்தில் அதுவரைக்கும் அப்படி ஒரு மாதிரித் தாளை நான் கிழித்ததில்லை.

எதிரியை மட்டமாகக் காட்டினால் நம் ஆள் உயர்ந்துவிடுவான் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அது தப்புக் கணக்கு. எதிரே நிற்பவனைக் கோமாளியாக்கினால், அவனோடு போராடிச் செத்தவனின் சாவும் கோமாளித்தனமாகிவிடுகிறது. பிள்ளையைப் பெற்றவர் சொல்லித்தான் இது எனக்கு உறைத்தது. உங்களுக்கு நான் சொல்லியாவது உறைக்கட்டும்.

போஸ்டர் வெறும் போட்டோவோடு ஓடியது. பையன் முகம், பேர், ஊர். வேறு ஒன்றும் வேண்டாம் என்று மாமனே சொல்லிவிட்டார்.

லாரி வேலை அவ்வளவு சுலபமாக முடியவில்லை. ஓவியர் தானே இறங்கி, சூடு காட்டிக் காட்டி, ஓடுகிறவனை நகத்தால் உரித்து எடுத்தார். மிச்சப் பசையை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தார். உரித்து முடித்ததும் லாரிக்காரர் பின்னால் தள்ளிப்போய் நின்று பார்த்தார். வலப்பக்கம் பையன் விறைப்பாக நிற்கிறான். அவன் எதிரே வெறும் தகரம்.

"இப்ப இவன் எதைப் பாத்துட்டு நிக்கறானுங்க?" என்று கேட்டார் லாரிக்காரர்.

கிட்டே வந்து அந்தத் தகரத்தை உள்ளங்கையால் தடவினார். பிறகு அவரே சொன்னார்: "அவனை நிக்கற மாதிரிப் போடுங்க. எம்பையன் சொன்ன மாதிரி."

முதலாளி ரோட்டை ஒருமுறை எட்டிப் பார்த்தார். மாமன் எழுந்து வந்தார். இம்முறை கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. "மாமா, எதிரியை வண்டில நிக்க வெச்சு ஊருக்குள்ள கொண்டு போனா கல்லெடுத்து அடிப்பாங்க மாமா. எழவு ஊட்டுல ரகளை ஆயிரும்."

அது வெறும் பயம் இல்லை, நடக்கக்கூடியது. ஓவியர் என்னைப் பார்த்தார். கடைசியாகப் பார்ப்பவள் நான்தானே. முதலாளியும் என்னைத்தான் பார்த்தார். வேண்டாம் என்று நான் தலையசைப்பேன் என்று எதிர்பார்த்தார். நான் லாரிக்காரரைப் பார்த்தேன். அந்த மனிதர் பிள்ளையின் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அதையும் நான் பிடுங்கவா?

"போடுங்கண்ணா. நாட்டுப் பேரு, கொடி, தோள்ல பட்டை ஒண்ணும் வேண்டாம். வெறும் உடுப்பு, வெறும் ஆள்," என்றேன்.

ஓவியர் எனாமல் பெயிண்டையும் பிரஷ்ஷையும் எடுத்து வந்தார். உடம்பை மளமளவென்று வரைந்துவிட்டார். கழுத்து வந்தது, தோள் வந்தது. முகத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. ஆயிரம் முட்டைத் தலை வரைந்த கை ஐயா அது!

"எந்த மூஞ்சியைப் போடறதுங்க? நான் அவங்களைப் பார்த்ததே இல்லையே," என்றார் லாரிக்காரரிடம்.

"பசங்க மூஞ்சிதானுங்க. எம்பையன் வயசுதான் இருக்கும்னான்."

ஓவியர் வரைந்தார். மீசை அரும்பின ஒரு பையன். வெயிலில் நின்று காய்ந்த முகம். கோபமும் இல்லை, பயமும் இல்லை. எதிரே இருப்பவனை நேராகப் பார்க்கிறான். லாரிக்காரர் பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டு, "இப்பச் செரிங்க," என்றார். வண்டியில் ஏறுவதற்கு முன்னால்தான் அந்தச் சொம்புத் தண்ணீரைக் குடித்தார். மாமன் அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் நானும் ஓவியரும் அந்த ஊருக்குப் போனோம். ஊரே திரண்டிருந்தது. உடல் இன்னும் வந்து சேரவில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் வேப்ப மரத்தடியில் லாரி நின்றது, பின்பக்கம் தெருவைப் பார்த்து. யாரும் கல்லெடுக்கவில்லை. யாரும் எதுவும் கேட்கக்கூட இல்லை. இன்னொருவனும் நம் பக்கத்துச் சிப்பாய்தான், பையனின் கூட்டாளி என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

பையனின் அம்மாவை இரண்டு பெண்கள் கைத்தாங்கலாக வெளியே கூட்டிக்கொண்டு வந்தார்கள். கடைசியாக லீவில் வந்திருந்தபோது பிள்ளை அந்த வண்டியைத்தான் கழுவிக்கொண்டிருந்தானாம். அந்த அம்மா நேராக லாரிக்குப் பின்னால் போய் நின்றார். மகன் முகத்தை, புருவத்துத் தழும்பை விரலால் தடவினார். அழுது அழுது குரல் போயிருந்தது. பிறகு பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தார். பெயிண்ட் சரியாகக் காய்ந்திருக்கவில்லை. கன்னத்தில் கை வைத்ததும் விரலில் ஒட்டியது. அதை முந்தானையில் துடைத்துக்கொண்டே கணவரைக் கேட்டார்.

"ரெண்டு பேரும் ஒரே வயசாட்ட இருக்கறாங்களே. இவன் எந்த ஊட்டுப் பையனுங்க?"

லாரிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். ஓவியர் என் பக்கம் திரும்பினார். நான் அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓவியர் அதற்குப் பிறகு பிரஸ்ஸில் நீண்ட நாள் இருக்கவில்லை. நாமக்கல் பக்கம் கோழித் தீவனச் சாக்குக்குச் சிரிக்கிற கோழி வரைந்து கொடுத்துக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். நான் ஓய்வுபெறும் வரை அதே மேசையில்தான் இருந்தேன். மறுபடி சண்டை வந்தது. மறுபடி ஓடுகிறவர்களின் படங்கள் வந்தன, சில நல்ல கைகள் வரைந்தவை, சிரிக்க வைத்தவை. ஒவ்வொன்றையும் கையில் எடுக்கும்போது அந்த அம்மா முந்தானையில் விரலைத் துடைத்தபடி கேட்டது காதில் விழும். பதில் தெரியாமல் என்னால் ஒன்றுக்கும் தலையாட்ட முடியவில்லை.